உறுப்பு உயிர்த்திருக்கும் நாழிகை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கி வடக்கே செல்லும் பெருஞ்சாலையில், விக்கிரவாண்டியை எட்டுவதற்குச் சற்று முன்னால் அமைந்துள்ள முண்டியம்பாக்கம், அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் சர்க்கரை ஆலையாலும், 2010-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாலும் இன்று பெயர் பெற்று விளங்குகிறது. அதற்கு மிக அணித்தாக இருப்பது பனையபுரம். திருஞானசம்பந்தர் பாடிப் பரவிய புறவார் பனங்காட்டூர் என்னும் நடுநாட்டுத் தலம் இதுவே. அடைக்கலம் புகுந்த புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட சிபிச் சக்கரவர்த்தி பேறு பெற்ற இடம் என்றும், தக்கன் வேள்வியில் ஒளியிழந்த சூரியன் வழிபட்டு மீண்டும் ஒளி பெற்ற இடம் என்றும் தலபுராணம் இவ்வூரைக் கொண்டாடுகிறது. கோயில் கொண்ட இறைவனுக்கு நேத்திரோத்தாரகேசுவரர் என்ற திருநாமமும் வழங்குகிறது. தன் சரீரத்திலிருந்து ஒரு பகுதியைப் பிறருக்கு ஈவது தர்மங்களில் தலையாயது என்ற எண்ணம், மருத்துவக் கல்லூரி எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இந்த மண்ணில் வேரூன்றியிருந்தது.

ஆயினும் சிபியின் கதையில் நாம் எளிதில் கவனியாமல் விட்டுவிடும் ஒரு வசதி உண்டு. கொடுத்தவனும் பெற்றவனும் ஒரே தராசின் முன்னே, ஒரே கணத்தில் நின்றார்கள். மண்ணுலகத்து வைத்தியர்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. கொடுப்பவர் சாலை விபத்தில் மூளை செயலிழந்து ஓர் ஊரில் கிடக்க, பெற வேண்டியவர் நூறு கல்லுக்கு அப்பால் வேறோர் ஊரில் மூச்சுத் திணறிக் காத்திருக்க, இருவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்கும்வரை அந்த உறுப்பு எந்த உடலையும் சாராமல் தன்னந்தனியே உயிர்த்திருக்க வேண்டும். அந்தச் சில நாழிகைகளை ஈட்டுவதற்காக விஞ்ஞானிகள் இருநூறு ஆண்டுகள் பட்ட பிரயத்தனமே இக்கட்டுரையின் பொருள். அவர்கள் ஈட்டிய ஒவ்வொரு நாழிகையும், பெருநகரத்துக்கு மட்டுமே சாத்தியமாயிருந்த கொடையை முண்டியம்பாக்கம் போன்ற சிற்றூர்களின் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதே நான் வற்புறுத்த விரும்பும் செய்தி.

உறுப்பொன்றுக்கு இடையறாது குருதியைச் செலுத்திக்கொண்டே இருந்தால், அது உடலை விட்டுப் பிரிந்த பின்னும் உயிரோடு இருக்கக்கூடும் என்ற கருத்தை 1812-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு வைத்தியரான லெகல்லுவா எழுதி வைத்தார். அன்று அது வெறும் ஊகமாகவே நின்றது. குருதிக்குப் பதிலாக எதைச் செலுத்துவது என்ற வினாவுக்கு விடை கிடைக்க எழுபது ஆண்டுகள் சென்றன. இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர், தவளையின் இருதயத்தை வெளியே எடுத்து, உப்பு நீரில் துடிக்கவைத்து ஆராய்ந்து வந்தார். இருதயம் நெடுநேரம் நன்றாகவே துடித்தது. தாம் எழுதியவற்றை 1882-இல் வெளியிட்டும்விட்டார். பிறகுதான், கரைசலைத் தயாரித்தபோது காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் பயன்பட்டிருந்தது தெரியவந்தது. தூய நீரில் கரைத்துப் பார்த்தால் இருதயம் விரைவில் சோர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இயற்கையாகவே கலந்திருந்த சுண்ணாம்புச் சத்துத்தான் அதைத் துடிக்கவைத்தது. அடுத்த ஆண்டே ரிங்கர் இந்த உண்மையை வெளிப்படையாக எழுதினார். இன்று முண்டியம்பாக்கத்து மருத்துவமனையின் வார்டுகளில் செவிலியர் 'ஆர்.எல்.' என்று சுருக்கிச் சொல்லித் தொங்கவிடும் பாட்டில்கள் அந்தக் கரைசலின் நேர் வாரிசுகள். அப்பெயரின் முதலெழுத்து ரிங்கரைக் குறிப்பது.

1895-இல் ஜெர்மனியில் ஆஸ்கர் லாங்கென்டார்ஃப் என்பவர், தவளையை விட்டுப் பாலூட்டிகளின் இருதயத்துக்கு வந்தார். வெளியே எடுத்த இருதயத்தின் மகாதமனியில் குழாய் பொருத்தி, கரைசலை எதிர்த்திசையில் செலுத்தினார். அவ்வாறு செலுத்தியவுடன் மகாதமனியின் வால்வு தானாக மூடிக்கொள்ள, திரவம் இருதயத்தின் அறைகளுக்குள் புக வழியின்றி, இருதயத் தசைக்கே உணவூட்டும் நுண்குழாய்களில் பாய்ந்தது, இருதயம் துடித்தது. நூறு ஆண்டுகள் கழித்து, தானமாகப் பெற்ற மனித இருதயத்தைத் துடித்த வண்ணமே எடுத்துச் செல்வதற்கென்று அமைந்த பெட்டிகளும் இந்த உபாயத்தையே கையாளுகின்றன.

இந்த வரலாற்றில் வைத்தியரல்லாத ஒருவருக்கும் முக்கியமான இடம் உண்டு. அட்லாண்டிக் சமுத்திரத்தை 1927-இல் தனியொருவராய் விமானத்தில் கடந்து உலகப் புகழ் எய்திய சார்லஸ் லின்ட்பர்க், தம் மனைவியின் தமக்கை இருதய வால்வு நோயால் வருந்துவதைக் கண்டு, இருதயத்தை நிறுத்திவைத்துப் பழுது பார்க்க முடியாதா என்று வைத்தியர்களைக் கேட்டார். அந்தக் கேள்வி அவரை, குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் கலைக்காக 1912-இல் நோபல் பரிசு பெற்ற அலெக்ஸிஸ் கேரலின் ஆய்வுச்சாலைக்கு அழைத்துச் சென்றது. கேரலுக்கு இருந்த இடையூறு நோய்க்கிருமி. எந்த உறுப்பை வெளியே வைத்தாலும் கிருமி புகுந்து அழுகிவிடும். இயந்திர நுட்பம் அறிந்த லின்ட்பர்க், கிருமி புகாவண்ணம் முற்றிலும் கண்ணாடியாலேயே ஒரு பம்பை அமைத்துக் கொடுத்தார். 1935-இல் ஒரு பூனையின் தைராய்டுச் சுரப்பி அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் பதினெட்டு நாள் உயிரோடு இருந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1938-இல் வெளிவந்தது. எனினும், உறுப்பு பிழைத்தாலும் அதை வேறொருவர் உடல் ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்ற பெருந்தடை நீங்காமையால், அந்தப் பம்பு வெகுகாலம் ஆய்வுச்சாலையின் அதிசயமாகவே இருந்துவிட்டது.

நடைமுறையில் முதலில் வெற்றி கண்டது இயந்திரமன்று, குளிர். இதன் தத்துவத்தை முண்டியம்பாக்கத்து உழவருக்கு விளக்குவது அரிதன்று. வெட்டு உத்தரவு கிடைத்துக் கரும்பை வெட்டிய நொடி முதல் அதிலுள்ள சர்க்கரை குறையத் தொடங்குகிறது என்பதையும், ஒரு நாளுக்குள் அது அரவைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதையும், வெயில் ஏற ஏற நட்டம் மிகும் என்பதையும் அவர் தம் அனுபவத்தில் அறிவார். உடலிலிருந்து பிரிந்த உறுப்பின் நிலையும் அதுவே. குருதி நின்றதும் பிராணவாயு நின்றுவிடுகிறது. ஆயினும் செல்கள் தம் வேலையை நிறுத்துவதில்லை. கைவசமுள்ள சத்தைச் செலவழித்துத் தீர்த்துவிட்டுத் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. வெப்பத்தைக் குறைத்தால் அந்தச் செலவு குறையும். நான்கு பாகை சென்டிகிரேடுக்கு இறக்கினால் செல்களின் செலவு இயல்பான அளவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

குளிரின் இந்த உபகாரத்தை முதன்முதலில் முழுமையாகப் பெற்றது கண். 1905-இல் எட்வர்ட் சிர்ம் என்பவர் ஒருவர் கண்ணின் கருவிழிப் படலத்தை மற்றொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1930-களில் ஒடெஸா நகரத்து ஃபிலாத்தோவ், இறந்தவர்களின் கண்ணையே குளிரில் காத்துப் பயன்படுத்தலாம் என்று நிலைநாட்டினார். அந்த வித்தை தமிழ்நாட்டுக்கு வரத் தாமதமாகவில்லை. 1819-இல் தோன்றிய எழும்பூர்க் கண் மருத்துவமனையில், டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945-இல் இந்தியாவின் முதல் கண் வங்கியை நிறுவினார். இன்று கருவிழிப் படலத்தை நான்கு நாள் காக்கும் ஊடகத்தில் இட்டு வெளியூருக்கு அனுப்புகிறார்கள். கண்ணுக்கு இது கைகூடியதற்குக் காரணம், கருவிழிப் படலத்தில் குருதிக் குழாய்களே இல்லாமை. சிறுநீரகமும் கல்லீரலும் இருதயமும் அவ்வளவு பொறுமை உடையவை அல்ல.

1954-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்து வெற்றி பெற்றபோது, கொடுப்பவரும் பெறுபவரும் அடுத்தடுத்த அறைகளில் படுத்திருந்தார்கள். ஆகவே காப்பது பற்றிய கவலை பெரிதாக எழவில்லை. இறந்தவர்களிடமிருந்து பெறத் தொடங்கியதும் அக்கவலை முன்னே வந்து நின்றது. 1960-களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஃபோல்கெர்ட் பெல்ஸர், குளிர்ந்த பிளாஸ்மாவை இயந்திரத்தால் செலுத்திச் சிறுநீரகத்தை மூன்று நாள்வரை காத்துக் காட்டினார். அவருடைய இயந்திரமோ பெரிது, செலவும் பெரிது. 1969-இல் ஜெஃப்ரி காலின்ஸ் என்பவர், செல்லின் உள்ளிருக்கும் திரவத்தைப் போலவே பொட்டாசியம் மிகுந்த கரைசலொன்றை ஆக்கி, உறுப்பை அதனால் கழுவிப் பனிக்கட்டியில் வைத்தாலே ஒரு நாளுக்கு மேல் காக்கலாம் என்று காட்டியதும், உலகம் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுப் பனிக்கட்டிப் பெட்டியைக் கையில் எடுத்தது. பெல்ஸர் சளைத்தாரில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, சவுத்தர்டு என்பவருடன் கூடி, குளிரில் செல்கள் நீர் ஏறி வீங்காதபடி தடுக்கும் லாக்டோபயோனேட்டும் ராஃபினோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்த கரைசலை 1980-களில் ஆக்கினார். அதுவரை ஆறெட்டு மணி நேரத்தில் கைநழுவிய கல்லீரல், அதற்குப் பின் அதைப் போல் இரு மடங்கு நேரம் காத்திருக்கலாயிற்று.

தமிழ்நாட்டில் இந்தக் கலை காலூன்றியது வேலூரில். 1971-இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நிறைவேறியது. உயிரோடு இருந்த உறவினரே அன்று கொடையாளி. அடுத்த இருபது ஆண்டுகளின் சரித்திரத்தில் நாம் பெருமைப்பட முடியாத பக்கமும் உண்டு. வறியவர்கள் கடன் தீர்க்கத் தம் சிறுநீரகத்தை விற்கும் அவலம் பெருகி, சென்னையை அடுத்த வில்லிவாக்கம் அதனாலேயே உலகச் செய்தித்தாள்களில் பேர் கெட்டது. 1994-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த வாணிபத்தைக் குற்றமாக்கியதோடு, மூளைச் சாவையும் சாவு என்று ஏற்றுக்கொண்டது. கொடை, சந்தையிலிருந்து மீட்கப்பட்டு மறுபடியும் தர்மத்தின் எல்லைக்குள் வருவதற்கு அது வழி திறந்தது.

அந்த வழியில் மக்கள் நடக்கத் தொடங்கியது 2008-ஆம் ஆண்டில். மூளைச் சாவு அடைந்தோரின் உறுப்புகளை வரிசை முறைப்படி பகிர்ந்தளிக்கும் திட்டத்தை அரசு அவ்வாண்டில் ஒழுங்குபடுத்தியது. செப்டம்பர் மாதத்தில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், சாலை விபத்தில் மூளைச் சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தார்கள். அந்தச் சிறுவனின் இருதயத்தைச் சுமந்த வண்டிக்காகச் சென்னைப் போக்குவரத்துக் காவலர்கள் சாலைகளை ஒதுக்கிக்கொடுக்க, முக்கால் மணி நேரமாவது பிடிக்கும் தூரத்தை அது பதினொரு நிமிடங்களில் கடந்து முகப்பேரை அடைந்தது. தமிழ்நாடு முழுவதும் அன்றைக்கு அந்தப் பதினொரு நிமிடங்களைப் பற்றியே பேசியது. காலத்தோடு நடத்தும் இந்தப் போராட்டம் என்னவென்று பொதுமக்கள் புரிந்துகொண்ட நாள் அதுவே. பின்னர் 2014-இல் இத்திட்டத்தை நடத்துவதற்கென்றே டிரான்ஸ்டான் என்ற ஆணையம் உருவாயிற்று. உறுப்புக் கொடையாளிகளின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்ற அறிவிப்பு 2023-இல் வந்தது.

இனி முண்டியம்பாக்கத்துக்குத் திரும்புவோம். சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் இந்தச் சாலை, இரவு பகலாக ஓயாமல் ஓடும் சாலை. அதில் நேரும் விபத்துகளும் குறைவல்ல. தலையில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு 108 வண்டிகள் வந்து நிற்கும் வாசல்களுள் இம்மருத்துவமனையின் வாசலும் ஒன்று. மாற்று அறுவை செய்யும் வசதியில்லாத மருத்துவமனையும், தீவிர சிகிச்சைப் பிரிவு உடையதாய் இருந்து பதிவு பெற்றால், உறுப்புகளை எடுத்துக் கொடுக்கலாம் என்று 2011-இன் சட்டத் திருத்தம் அனுமதித்தது. அந்தத் திருத்தத்தின் பொருளை, அத்தகைய மருத்துவமனையில் நடைபெறும் ஒரு கொடையின் படிகளைப் பின்தொடர்ந்து பார்த்தாலன்றி உணர இயலாது.

மூளைச் சாவை உறுதி செய்பவர் ஒரு வைத்தியர் அல்லர், நால்வர் கொண்ட குழு. கண்மணியில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். காதில் குளிர்ந்த நீரை விட்டுக் கண் அசைகிறதா என்று கவனிக்கிறார்கள். கடைசியில், பிராணவாயு குறையாமல் பார்த்துக்கொண்டே வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குருதியில் கரியமிலவாயு ஏற ஏற, மார்பு தானாக ஒரு முறையேனும் எழும்புகிறதா என்று விழி இமையாமல் நோக்குகிறார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து இத்தனை சோதனைகளையும் மீண்டும் ஒரு முறை செய்கிறார்கள். அதன் பின்னரே உறவினர்களிடம் சம்மதம் பெற்று அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்கிறார்கள். அங்கே மகாதமனியில் இடுக்கி விழும் அதே நொடியில் குளிர்ந்த கரைசல் உள்ளே பாய்கிறது. செம்பழுப்பாய் இருந்த கல்லீரல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறுகிறது. பொடித்த பனிக்கட்டியை வயிற்றுக்குள் கொட்டுகிறார்கள். வெளியே எடுத்த உறுப்பை, ஒன்றனுள் ஒன்றாக மூன்று பைகளில் இட்டுக் கட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இடுக்கி விழுந்த நொடியிலிருந்தே கணக்கு ஓடுகிறது: இருதயத்துக்கு ஏறக்குறைய 4 மணி நேரம், நுரையீரலுக்கு 6 மணி நேரம், கல்லீரலுக்கு 12 மணி நேரம், சிறுநீரகத்துக்கு ஒரு நாள்.

இந்தக் கணக்கைச் சாலைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு இங்கிருந்து ஒரு மணி நேர வழி; ஆகவே சிறுநீரகத்தைப் பற்றிய கவலை இல்லை. சென்னை ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர்; கல்லீரலும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் இருதயத்துக்குக் கொடுத்திருக்கும் நான்கு மணி நேரத்துக்குள், பெறுபவரின் மார்பில் வைத்துத் தைக்கும் நேரமும் அடக்கம். திண்டிவனம், மதுராந்தகம், செங்கல்பட்டு கடந்து தாம்பரத்து நெரிசலில் ஓர் அரைமணி நேரம் சிக்கினாலும், கொடுத்தவரின் தாராளமும் உறவினரின் துணிவும் பயனின்றிப் போகும் அபாயம் உண்டு. அதனாலேயே ஊருக்கு ஊர் காவலர்கள் வழி விலக்கி நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில், ஒதுங்கியிருந்த இயந்திரம் புதிய வடிவில் திரும்பி வந்ததை நாம் கவனிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டளவில் சுவீடனின் லுண்டு நகரில் ஸ்டிக் ஸ்டீன் என்பவர், வெளியே எடுத்த நுரையீரலைச் சுவாசிக்கவைத்துச் சோதித்த பின் மற்றொருவருக்குப் பொருத்தினார். கனடாவின் டொரன்டோவில் ஷாஃப் கெஷாவ்ஜி அதை நீடித்த சிகிச்சையாக வளர்த்தார். அவர் முறையில், பயன்படாது என்று ஒதுக்கிய நுரையீரல்கள் ஒரு கூட்டுக்குள் மூச்சு விட்டு, தேறி, மனிதரைக் காத்தன. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ஃபிரெண்டும் கூஸியோஸும், கல்லீரலை உடலின் வெப்பத்திலேயே வைத்து, குருதியும் பிராணவாயுவும் ஆகாரமும் ஊட்டும் கருவியை ஆக்கினர். 220 மாற்று அறுவைகளை ஒப்பிட்ட அவர்களது ஆய்வு 2018-இல் வெளியானபோது, பனிக்கட்டியில் வைத்த கல்லீரலைவிட இயந்திரத்தில் வைத்தது பாதியளவே சேதமுற்றதையும், சராசரியாக 54 விழுக்காடு கூடுதல் நேரம் காத்திருந்ததையும் உலகம் அறிந்தது. 2014-இல் சிட்னி நகரத்து வைத்தியர்கள், துடிப்பு நின்றுபோன இருதயத்தையே பெட்டிக்குள் மீண்டும் துடிக்கவைத்துப் பொருத்தினார்கள். சூரிச் நகரில் 2021-இல், பிற மருத்துவமனைகள் வேண்டாம் என்று தள்ளிய ஒரு கல்லீரல் மூன்று நாள் இயந்திரத்தில் சிகிச்சை பெற்று, ஒரு நோயாளிக்கு வாழ்வளித்தது. அதே ஆண்டில் ஐதராபாத்தில், வெளியே மூச்சுவிட்டுத் தேறிய நுரையீரலைப் பொருத்தும் அறுவை நடைபெற்று, இந்த வித்தை நம் நாட்டிலும் அடியெடுத்து வைத்தது.

பனிக்கட்டிப் பெட்டி உறுப்பை உறங்கவைத்தது. அந்த உறக்கத்தில் அது நலமாக இருக்கிறதா, மெலிகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. புதிய கருவியிலோ உறுப்பு விழித்திருந்து தன் தொழிலைச் செய்கிறது: கல்லீரல் பித்தநீர் சுரக்கிறது, தன்னிடம் வரும் லாக்டேட்டைத் துப்புரவாக்குகிறது. வைத்தியர் அதைக் கண்ணால் கண்டு, இது பிழைக்கும், இது பிழையாது என்று தீர்மானிக்கலாம். நோயுற்றிருந்தால் மருந்தும் கொடுக்கலாம். வயது முதிர்ந்தோரிடமிருந்தும், சற்றே பழுதுற்றோரிடமிருந்தும் கிடைப்பவை வீணாகாமல் காக்க இதுவே வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, தூரம் என்ற தடை தளர்ந்து, அவசரமின்றி, பகல் வெளிச்சத்தில், களைப்பு நீங்கிய கைகளால் அறுவை செய்ய முடிகிறது.

இந்த உபகாரம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வியே எஞ்சி நிற்கிறது. கருவியின் விலையும், ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய குழாய்களின் விலையும் மிக அதிகம்; ஆகவே அவை முதலில் செல்வம் மிகுந்த பெருநகர மருத்துவமனைகளிலேயே புகுகின்றன. காலம் நெருக்கும் இடமோ அங்கன்று; சாலையோரத்து மாவட்ட மருத்துவமனையில்தான் நாழிகைகள் பொன்னினும் அரியவை. இத்தகைய கருவியை ஒரு வண்டியில் ஏற்றி, கொடை நிகழும் ஊருக்கே அரசு அனுப்பிவைக்குமானால், முண்டியம்பாக்கத்தில் எடுத்த இருதயம் சென்னைக்கு மட்டுமன்றி, மதுரைக்கும் கோவைக்கும்கூடத் தளர்ச்சியின்றிச் செல்லும். அதோடு, கொடுக்கும் ஊர் பெறும் ஊராகவும் இருத்தல் வேண்டும். கல்லீரல் கெட்டுப்போன விவசாயத் தொழிலாளி ஒருவர் விழுப்புரத்துக் கிராமத்திலிருந்து வரிசையில் தம் பெயரைப் பதிந்துகொள்ளவும், அரசு காப்பீட்டின் துணையோடு சிகிச்சை பெறவும், அறுவைக்குப் பின் ஆயுள் முழுதும் உண்ண வேண்டிய மருந்தைத் தம் மாவட்டத்திலேயே பெற்றுக்கொள்ளவும் வகை செய்யாவிடில், ஏழையின் வீட்டிலிருந்து கொடை புறப்பட்டு ஏழையின் வீட்டுக்கு ஒருபோதும் திரும்பாத நிலை உண்டாகிவிடும். விற்பனையை ஒழித்த சட்டத்தின் நோக்கமும் அப்போது பாதியிலேயே நின்றுவிடும்.

ரிங்கரும் கேரலும் பெல்ஸரும் எழும்பூர் முத்தையாவும் தத்தம் காலத்தில் ஈட்டித் தந்த நாழிகைகள் எவருடைய தனிச் சொத்துமல்ல. துக்கத்தின் உச்சத்தில் நின்றுகொண்டு 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தலையசைக்கும் தாய்க்கும் தந்தைக்கும், அவர்கள் கொடுத்தது ஒரு துளியும் வீணாகாது என்று உறுதி கூற நமக்கு இருக்கும் ஆதாரம் அவைதாம். அந்த உறுதியை மாநிலத்தின் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி வாசலிலும், கொடுப்போருக்கும் பெறுவோருக்கும் ஒன்றுபோல அளிக்கும் நாள் வரும்வரை, இந்தச் சரித்திரத்தில் நம் தலைமுறை எழுத வேண்டிய அத்தியாயம் பாக்கியிருக்கிறது.